காங்ராவில் நடந்த உப்புப் பரீட்சை

டெல்லியில் காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தில் ராத்திரி வண்டி ஏறினால் விடிந்ததும் காங்ரா பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம். இமாச்சலப் பிரதேசத்தில் இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் தௌலாதார் மலைத்தொடர், உச்சியெல்லாம் பனி. கீழே நெல்வயல், கோதுமை வயல், தேயிலைத் தோட்டம்.

அந்த ஊர்க் கல்யாணத்தில் 'தாம்' என்று ஒரு விருந்து உண்டு. நம் பந்தியைப் போலவே எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும். இலைகளைச் சேர்த்துத் தைத்த தட்டை முன்னால் போடுவார்கள். முதலில் சோறு. அதன்மேல் 'மத்ரா', அதாவது தயிரில் கொதிக்கவைத்த கொண்டைக்கடலையோ ராஜ்மாவோ. பிறகு கறுப்பு உளுந்தில் செய்த பருப்பு. அடுத்து புளிப்பும் இனிப்புமாக 'கட்டா'. கடைசியில் இனிப்புச் சோறு. மற்ற நாட்களில் மக்காச்சோள ரொட்டி, கடுகுக்கீரை, பருப்பு, மோர். குளிருக்குக் கொஞ்சம் நெய்.

இந்தச் சாப்பாட்டை உங்கள் அறிவியல் டீச்சரிடம் காட்டி மதிப்பெண் கேட்டால் என்ன சொல்வார்? சோற்றில் மாவுச்சத்து இருக்கிறது. பருப்பில் புரதம். கீரையில் இரும்புச்சத்து. மோரில் சுண்ணாம்புச்சத்து. நூற்றுக்குத் தொண்ணூறாவது போட்டுவிடுவார்.

ஆனால் 1956இல் மருத்துவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேருக்குத் தொண்டைக்கு முன்னால் வீக்கம் இருந்தது. சிலருக்குத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். சிலருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். தமிழில் இதை முன்கழுத்துக் கழலை என்பார்கள். இந்தி பேசும் ஊர்களில் 'கேங்கா'. வலிக்காது. அதனால் அந்த ஊர் மக்கள் அதை ஒரு நோயாகவே நினைக்கவில்லை. அம்மாவுக்கு இருந்தது, பாட்டிக்கும் இருந்தது, எனக்கும் வந்திருக்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

நல்ல சாப்பாட்டில் இல்லாமல் போனது ஒரே ஒரு பொருள்தான். அயோடின்.

எவ்வளவு அயோடின் வேண்டும் தெரியுமா? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம், உங்கள் வயதில் 120 மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். 150ஐ 365ஆல் பெருக்குங்கள். வருவதை 70ஆல் பெருக்குங்கள். எழுபது ஆண்டு வாழ்க்கைக்கு மொத்தம் 4 கிராம்கூட வராது, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் அந்தத் தேக்கரண்டியை ஒரே நாளில் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உடம்பு அதை ஆயுளுக்கும் சேர்த்துவைக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும்.

இனி உங்கள் கழுத்துக்கு வருவோம். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தாற்போல, பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. பெரியவர்களுக்கே 15, 20 கிராம் எடைதான் இருக்கும். காங்ராவில் மருத்துவர்கள் சோதித்த முறையும் எளிமையானது. பிள்ளையின் தொண்டையின் இரண்டு பக்கமும் விரல்களை மெல்ல வைத்து, "எச்சிலை விழுங்கு" என்பார்கள். விழுங்கும்போது தைராய்டு மேலே ஏறி இறங்கும். வீங்கியிருந்தால் விரலுக்கு அகப்பட்டுவிடும்.

இந்தச் சுரப்பி தைராக்சின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு தைராக்சின் மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. வேறு எந்த அணுவையும் அந்த இடத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது. உடம்பு எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும், எலும்பு எப்படி வளர வேண்டும், மூளை எப்படி உருவாக வேண்டும் என்பதிலெல்லாம் தைராக்சினுக்குப் பங்கு இருக்கிறது.

அயோடின் வராவிட்டால் தைராக்சின் குறையும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு இது தெரிந்துவிடும். உடனே "இன்னும் வேலை செய்" என்று தைராய்டுக்கு ஒரு ஹார்மோனை அனுப்பும். தைராய்டு என்ன செய்யும்? கிடைக்கிற துளி அயோடினையும் தவறவிடாமல் பிடிக்கத் தன் செல்களைப் பெருக்கிக்கொள்ளும், அதனால் பெரிதாகும். அப்படியும் போதாது. பிட்யூட்டரியிலிருந்து மறுபடி உத்தரவு வரும், தைராய்டு மறுபடி பெருக்கும். இப்படியே பல ஆண்டுகள் போனால் கழுத்து வீங்கும்.

வீக்கம் பார்வைக்குத்தான் பெரிது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வயிற்றில் குழந்தையைச் சுமக்கும் அம்மாவுக்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால், குழந்தையின் மூளை சரியாக வளராமல் போகலாம். காது கேளாமல், பேச முடியாமல், உயரம் வளராமல் பிறந்த குழந்தைகள் இமயமலை அடிவார ஊர்களில் இருந்தார்கள். பிறந்த பிறகு எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் அந்தச் சேதத்தை முழுவதும் சரிசெய்ய முடியாது. மருத்துவர்கள் கவலைப்பட்டது கழுத்தைவிட இதற்காகத்தான்.

சரி, மலையில் மட்டும் ஏன் அயோடின் குறைகிறது? உலகத்து அயோடினில் பெரும்பகுதி கடலில்தான் இருக்கிறது. கடலிலிருந்து கொஞ்சம் ஆவியாகிக் காற்றில் சேரும், மழையோடு மண்ணுக்கு வரும், மண்ணிலிருந்து பயிருக்குப் போகும். இமயமலைச் சரிவுகளிலோ பனியாறுகளும் கொட்டுகிற மழையும் மேல்மண்ணை அரித்து ஆற்றில் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மண்ணில் அயோடின் தங்குவதில்லை. மண்ணில் இல்லையென்றால் நெல்லிலும் மக்காச்சோளத்திலும் இருக்காது. புல்லிலும் இருக்காது, அந்தப் புல்லைத் தின்கிற எருமையின் பாலிலும் குறைவாகவே இருக்கும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அரிசி ஒரு ஊரிலிருந்து, காய் இன்னொரு ஊரிலிருந்து, மீன் கடலிலிருந்து என்று பல மண்ணின் விளைச்சல் ஒரே தட்டில் சேரும். சாலை வசதி இல்லாத மலைக்கிராமத்தில் சொந்த மண்ணில் விளைவதுதான் சாப்பாடு. மண்ணில் இருக்கிற குறை அப்படியே உடம்புக்கு வந்துவிடும். போதாததற்கு, கடுகுக்கீரை, முட்டைக்கோஸ் குடும்பத்துச் செடிகளில் தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைக் கொஞ்சம் தடுக்கும் பொருள்கள் உண்டு. பயந்துவிடாதீர்கள்! அயோடின் போதுமான அளவு சாப்பிடுகிறவர்களுக்கு இவற்றால் ஒன்றும் ஆகாது. கோஸ் பொரியலை ஒதுக்கிவைக்க இதைச் சாக்காகச் சொல்ல வேண்டாம்.

இந்தக் காரணம் எல்லோருக்கும் புரிய நெடுங்காலம் ஆனது. பல ஊர்களில் பழியைத் தண்ணீர்மேல் போட்டார்கள். ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வடக்கே மலைப்பகுதியான கில்கிட்டில் வேலை பார்த்தார். அங்கே ஒரே ஓடையின் கரையில் அடுத்தடுத்துக் கிராமங்கள். மேல் கிராமம் பயன்படுத்திவிட்ட தண்ணீர் கீழ்க் கிராமத்துக்கு வரும். கீழே போகப் போகக் கழலை கூடியது. அழுக்குத் தண்ணீரில் இருக்கும் ஏதோ கிருமிதான் காரணம் என்று அவர் நம்பினார். நம்பியதோடு நிற்காமல் அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்தும் பார்த்தார்! (நீங்கள் இந்த மாதிரி ஆராய்ச்சியெல்லாம் செய்ய வேண்டாம்.) அழுக்குத் தண்ணீர் நிலைமையை மோசமாக்கலாம், ஆனால் அடிப்படைக் காரணம் அயோடின் குறைதான் என்று பிற்பாடு உறுதியானது.

இதே மெக்கரிசன்தான் 1918இல் நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ஓர் அறையில் சத்துணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஒற்றை அறை வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அது குன்னூரில் இருந்த காலத்தில் அங்கே வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் ராமலிங்கசுவாமி. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்துக்காரர். விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்தவர். பிறகு டெல்லிக்குப் போய், 1956இல் தொடங்கப்பட்ட எய்ம்ஸ் மருத்துவமனையில் பேராசிரியராகி, பின்னாளில் அதன் இயக்குநராகவும் ஆனார். காங்ரா பரீட்சையை முன்னின்று நடத்தியவர் அவர்தான்.

அயோடின் கொடுத்தால் கழலை குறையும் என்பது அப்போதே புதிய செய்தி அல்ல. சுவிட்சர்லாந்து மலைநாடு. அங்கேயும் ஊர் ஊராகக் கழலை இருந்தது. 1922 முதல் உப்பில் அயோடின் கலந்து விற்றார்கள், குறைந்தது. பிறகு எதற்காகக் காங்ராவில் ஒரு பரீட்சை? நம் ஊர் வெயில், மழை, ஈரம், நம் உப்பு, நம் சாப்பாடு எல்லாமே வேறு. இங்கே பலிக்குமா என்று பார்த்துத்தானே ஆக வேண்டும்.

மருந்தாகக் கொடுக்காமல் உப்பில் கலப்பது ஏன் என்று கேட்பீர்கள். மலைக்கிராமத்துக் குடும்பம் அரிசி, பருப்பு, கீரை, பால் எல்லாவற்றையும் தானே விளைவித்துக்கொள்ளும். உப்பை மட்டும் கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும். ஏழையும் பணக்காரரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சாப்பிடுவார்கள். பிடிக்கிறது என்று யாரும் ஒரு கிண்ணம் உப்பு தின்ன மாட்டார்கள். மாத்திரையை மறக்கலாம், உப்பை மறந்தால் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்து சத்துணவுத் துறையில் இதைவிடக் கெட்டிக்கார யோசனை இல்லை.

ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் பகுதியை அ, ஆ, இ என்று மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். முதல் வட்டாரத்துக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. மூன்றாவது வட்டாரத்துக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. இரண்டிலும் அயோடின் உண்டு. நடுவில் இருந்த வட்டாரத்துக்கு எதுவும் கலக்காத சாதா உப்பு. மூன்று இடத்திலும் தொடக்கத்தில் கழலை ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது.

1962இல் மறுபடி கழுத்துகளைச் சோதித்தார்கள். அயோடின் உப்பு போன இரண்டு வட்டாரங்களிலும் கழலை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. சாதா உப்பு வட்டாரத்தில் இம்மியும் குறையவில்லை. தண்ணீர் அதே தண்ணீர்தான், மண்ணும் சாப்பாடும் அவையேதான். மாறியது உப்பு மட்டும்.

அந்த நடு வட்டாரத்துப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. இத்தனை ஆண்டு அவர்களை ஏன் காக்கவைத்தார்கள்? ஒப்பிட ஒரு இடம் இல்லாவிட்டால், கழலை தானாகவே குறைந்தது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நாடு முழுவதற்கும் உப்பை மாற்ற அரசு பணம் போட்டிருக்காது. பதில் அதுதான். ஆனாலும் இன்றைக்கு இப்படி ஒரு ஆய்வு நடத்த வேண்டுமென்றால் மக்களின் சம்மதமும் அறக்குழுவின் அனுமதியும் இல்லாமல் ஓர் அடிகூட வைக்க முடியாது, அப்படி இருப்பதுதான் சரி. விடை தெரிந்ததும் நடு வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு போனது. அங்கேயும் கழலை இறங்க ஆரம்பித்தது. 1972 வரை அந்த ஊர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

1962இலேயே இந்திய அரசு தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது அயோடேட். அயோடைடு ஈரத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, அயோடின் காற்றோடு போய்விடும். அயோடேட் தாக்குப்பிடிக்கும். ஒரு டன் உப்புக்கு ஏறத்தாழ 50 கிராம் போதும், அதைக் கரைத்து உப்பின்மேல் தெளிப்பார்கள்.

முதலில் திட்டம் மலையோர ஊர்களுக்கு மட்டும்தான் இருந்தது. சமவெளிக்கு இந்த நோய் வராது என்று நினைத்தார்கள். பிறகு எய்ம்ஸ் மருத்துவர்கள் தங்கள் வாசலைத் தாண்டி, டெல்லிப் பள்ளிக்கூடங்களிலேயே பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் கழலை! தலைநகரத்துப் பிள்ளைகளுக்கே அயோடின் போதவில்லை என்ற செய்தி 1980இல் ஆய்விதழில் வெளிவந்தது. யமுனை, கங்கைச் சமவெளியின் மண்ணும் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டுவந்த மண்தானே. அதன்பிறகுதான் நாடு முழுவதற்கும் அயோடின் உப்பு என்ற முடிவு வந்தது. சாப்பிடுவதற்குச் சாதா உப்பை விற்கக் கூடாது என்று 1998இல் தடை போட்டார்கள், 2000இல் நீக்கினார்கள், 2006 மே மாதம் மறுபடியும் போட்டார்கள். நடுவில் பெரியவர்கள் போட்ட சண்டை பெரிய கதை. அதை விட்டுவிடுவோம்.

இப்போது நம் வீட்டுக் கதை. "நாங்கள் கடற்கரைக்காரர்கள், எங்கள் உப்பே கடல் உப்பு, எங்களுக்கு எதற்கு அயோடின்?" என்று தூத்துக்குடிப் பிள்ளை கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் அதிகம் போனால் 60 மைக்ரோகிராம் அயோடின் இருக்கும். அதே ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அத்தனை அயோடினும் உப்போடு ஒட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். 60ஐ 35ஆல் வகுத்தால் ஒரு கிராம் உப்பில் 2 மைக்ரோகிராம்கூட இல்லை. ஒரு நாளைக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டாலும் 17, 18 மைக்ரோகிராம்தான் கிடைக்கும். தேவையோ 150! உண்மையில் அதுவும் கிடைக்காது. பாத்தியில் உப்பு விளையும்போது அயோடினில் பெரும்பகுதி மிச்ச நீரோடு போய்விடும், அம்பாரமாகக் குவித்துவைத்த உப்பிலிருந்தும் குறையும். அயோடின் கலந்த உப்பு என்றால் வீட்டுக்கு வந்து சேரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. வித்தியாசத்தை நீங்களே வகுத்துப் பாருங்கள். கடலில் இருந்து வருகிறது என்பதாலேயே உப்பில் அயோடின் வந்துவிடாது. அழகான இளஞ்சிவப்புப் பாறை உப்பை விலை கொடுத்து வாங்குகிறார்களே, அதற்கும் இதே கதைதான்.

உப்பு விளைவிப்பதில் குஜராத், ராஜஸ்தான், தமிழ்நாடு மூன்றும்தான் நாட்டில் முன்னணி. 2018-19இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் ஜம்மு காஷ்மீரில் ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 62. அதுதான் நாட்டிலேயே கடைசி இடம்! மலையில் இருக்கிறவர்கள் பாடம் படித்துவிட்டார்கள். உப்பளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாம் இன்னும் படிக்கவில்லை. உப்பு விளைகிற ஊரில் பொட்டலம் இல்லாத உப்பு மலிவாகக் கிடைப்பதும், கல்லுப்பின்மேல் நமக்கு உள்ள பிரியமும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கல்லுப்பு கெட்டது இல்லை. கடைகளில் அயோடின் கலந்த கல்லுப்பும் கிடைக்கிறது. ஆனால் அதைக் கழுவிவிட்டுச் சமைத்தால் மேலே ஒட்டியிருக்கும் அயோடேட் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும்.

ஒரு சோதனை செய்யலாம், வாருங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே வீடுகளுக்குச் சொல்லித்தரும் சோதனைதான் இது. ஓர் உருளைக்கிழங்கை (பெரியவர் துணையோடு) இரண்டாக வெட்டுங்கள். வெட்டிய பக்கத்தில் உங்கள் வீட்டு உப்பைத் தூவி ஒரு நிமிடம் விடுங்கள். அதன்மேல் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. நீல நிறம் வந்தால் அயோடின் இருக்கிறது. எலுமிச்சையின் புளிப்பில் அயோடேட்டிலிருந்து அயோடின் விடுபடும், அது கிழங்கின் மாவுச்சத்தோடு சேர்ந்தால் நீலம். நிறம் வராவிட்டால் உடனே கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அளவு கொஞ்சமாக இருந்தாலும் நிறம் சரியாகத் தெரியாமல் போகும். அப்போது பொட்டலத்தை எடுத்துப் படியுங்கள். அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா, சிரிக்கிற சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அயோடின் நல்லது என்று சாம்பாரில் கூடுதலாக உப்பை அள்ளிப் போடச் சொல்லாதீர்கள். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும். பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மக்கள் உப்பைக் குறைத்தால், அதில் சேர்க்கும் அயோடினைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்றும் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் சண்டை இல்லை.

வாங்கிய உப்பை மூடியுள்ள ஜாடியில், அடுப்புக்கும் ஈரத்துக்கும் தள்ளி வையுங்கள். இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் உப்புப் போட்டால் அயோடின் வீணாவது குறையும். அம்மாவோ பாட்டியோ "எத்தனை வருஷமாச் சமைக்கிறேன், எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாமல் அந்த 60ஐயும் 35ஐயும் எழுதிக் காட்டி, வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.